வலையின் கண் அளவு: பூகம்பத்தைக் கணினிக்குள் பிடித்த கதை

பூகம்ப அலை பூமி முழுக்கப் பரவுகிற வீடியோக்களை நம்மில் கனபேர் பார்த்திருப்போம். ஒரு புள்ளியிலிருந்து சிவப்பும் நீலமுமாக வளையங்கள் கிளம்பும், கண்டங்களைத் தாண்டும், பூமியின் மற்றப் பக்கத்தில் போய் ஒன்றுசேரும். வட்ஸ்அப்பில் வரும், ரிவிச் செய்தியில் பின்னணியாக ஓடும். பார்த்தால் யாரோ விண்வெளியில் நின்று கமராவால் எடுத்தது போலவே இருக்கும்.

அப்படி ஒரு கமரா எங்கேயும் இல்லை. அந்த வளையங்கள் கணக்குப் போட்டுக் கிடைத்தவை. கணக்குப் போடுவதற்கு முன்னால் பூமியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்ட வேண்டும். வெட்டிய துண்டுகளின் தொகுதியை ஆய்வாளர்கள் 'மெஷ்' என்பார்கள். நாங்கள் இந்தக் கட்டுரையில் 'வலை' என்றே சொல்லப்போகிறோம். ஒவ்வொரு அழகான வீடியோவுக்கு அடியிலும் இப்படி ஒரு வலை இருக்கிறது. அதன் படத்தை யாரும் பகிர்வதில்லை. வெறும் கோடும் கட்டமும்தானே!

நாங்கள் கலைப்பீடத்து ஆட்கள். அலைச் சமன்பாட்டைத் தீர்க்கச் சொன்னால் முழிப்போம். ஆனால் ஒரு ஆவணத்தைக் கையில் தந்தால் இதை யார் எழுதினது, எதை எழுதாமல் விட்டது எண்டு கேட்கப் பழகியிருக்கிறோம். அந்தக் கண்ணோடு பார்த்தால் வலையின் படமும் ஓர் ஆவணம். பூமியின் எந்த இடத்தை நுணுக்கமாகப் பார்ப்பது, எந்த இடத்தைப் பருமட்டாக விடுவது என்று சிலர் எடுத்த முடிவுகள் அதில் கோடுகளாகக் கிடக்கின்றன. அந்தக் கோடுகளுக்கு நூறு வருட வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் நம் தீவுக்கும் ஒரு சின்ன இடம் இருக்கிறது.

கண் எவ்வளவு பெரிது?

நமது கரையோர ஊர்களில் வலைக்கு மீனின் பெயரை வைப்பார்கள்: சூடைவலை, திருக்கைவலை. கண்ணின் அளவைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. எதைப் பிடிக்கிற வலை எண்டு பெயரே சொல்லிவிடும். திருக்கைவலைக்குள்ளால் சூடை ஓடிவிடும்.

அதிர்வலையின் கதையும் இதுதான். நீண்ட, மெதுவான அலைக்குப் பெரிய கண் போதும். குறுகிய, வேகமான அலையைப் பிடிக்கக் கண் சின்னதாக இருக்க வேண்டும். இன்று பரவலாகப் பயன்படும் முறைகளில் ஓர் அலைநீளத்துக்குள் ஏறத்தாழ ஐந்து புள்ளிகளாவது விழ வேண்டும் என்பது கணக்கு. அதற்குக் குறைந்தால் வருகிற ஆபத்து மீன்வலையில் வருவதைவிட மோசமானது. மீன் ஓடினால் வலை வெறுமையாக வரும், நமக்கும் தெரிந்துவிடும். இங்கே வலை பொய்மீனோடு வரும். உண்மையில் இல்லாத நெளிவுகள் அலையின் பின்னால் இழுபட்டுக்கொண்டு வரும், பார்க்க நல்ல அலை மாதிரியே இருக்கும்.

அப்படியென்றால் கண்ணை நன்றாகச் சின்னதாக்கிவிட்டால் என்ன? செலவு விடாது. கண்ணின் பக்கத்தைப் பாதியாக்கினால் நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் துண்டுகள் இரட்டிக்கும். மொத்தம் எட்டு மடங்கு. கூடவே நேரத்தையும் பாதிப் பாதியாக வெட்ட வேண்டும். வேலை பதினாறு மடங்கு. அதனால் எங்கே கண்ணைச் சின்னதாக்குவது என்பது எப்போதுமே காசும் முன்னுரிமையும் சம்பந்தப்பட்ட முடிவு.

சதுரங்கப் பலகையிலிருந்து

1922 இல் இங்கிலாந்தின் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன், வானிலையை எண்கணக்கால் சொல்லலாம் என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். அதன் முகப்பில் ஐரோப்பிய வரைபடத்தின் மேல் சதுரங்கப் பலகை மாதிரிக் கட்டங்கள் இருந்தன. ஒரு கட்டத்தில் காற்றழுத்தம், அடுத்த கட்டத்தில் காற்றின் ஓட்டம் என மாறி மாறிக் கணிப்பது அவரது யோசனை. முதலாம் உலகப் போரில் பிரான்சில் அம்புலன்ஸ் ஓட்டிய காலத்தில், 1910 மே 20ஆம் திகதிக்கான ஆறு மணித்தியால மாற்றத்தைக் கையாலேயே கணித்தார். அழுத்தம் 145 மில்லிபார் ஏறும் என்று விடை வந்தது. படுபிழை. அந்தப் பிழையை மறைக்காமல் புத்தகத்திலேயே போட்டார். கட்டங்களையும் காட்டினார், பிழையையும் காட்டினார். இந்தத் துறைக்கு இதைவிட நல்ல தொடக்கம் இருக்க முடியாது என்பது எங்கள் எண்ணம்.

1928 இல் ஜேர்மன் மொழியில் கணிதக் கட்டுரை ஒன்று வந்தது. எழுதியவர்கள் கூரன்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லேவி என்ற மூவர். அதிலிருந்து வந்த விதியைச் சுருக்கமாக இப்படிச் சொல்லலாம்: ஒரு நேர அடிக்குள் அலை ஒரு கண்ணைத் தாண்டி ஓடக்கூடாது. ஓடினால் கணக்கு வெடித்து, எண்கள் கட்டுமீறி ஏறும். வலை முழுவதற்கும் ஒரே நேர அடி எண்டால், ஆகச் சின்னக் கண்தான் எல்லோருக்குமான வேகத்தைத் தீர்மானிக்கும். கோடிக்கணக்கான துண்டுகளில் ஒன்றே ஒன்று நசுங்கிப்போனாலும் முழுக் கணிப்பும் அதற்காக நடை குறைக்க வேண்டும். இதை ஞாபகத்தில் வைத்திருங்கோ, பிறகு தேவைப்படும்.

கட்டங்கள் பூகம்பத்துறைக்கு வர இன்னும் நாற்பது வருடங்கள் எடுத்தன. 1968 இல் ஆல்டர்மன், கரல் இருவரும் அடுக்கடுக்கான நிலத்தில் அலை போவதைக் கட்டங்களால் கணித்துக் காட்டினார்கள். 1976 இல் மதாரியாகாவும் 1980களில் விரியூவும், ரிச்சர்ட்சனின் பலகையைப் போலவே வேகத்தையும் தகைப்பையும் மாறி மாறி வைக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். அன்றைய வலை எல்லாம் கணக்குக் கொப்பித் தாள் மாதிரி ஒரே சீரான சதுரம். அதைப் படமாகப் பார்க்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஒரு கட்டத்தைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி.

மெக்சிக்கோவின் சேறு

அந்தச் சீரான சதுரம் ஏன் போதாமல் போனது என்பதற்கு 1985 செப்டெம்பர் 19 நல்ல உதாரணம். பசிபிக் கரையில் பூகம்பம். மெக்சிக்கோ நகரம் அங்கிருந்து 350 கிலோமீற்றருக்கும் அப்பால். இருந்தும் நகரத்தின் ஒரு பகுதியில் கட்டடங்கள் சரிந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அந்தப் பகுதி பழைய ஏரியின் களிமண் மேல் கட்டப்பட்டது. மென்மையான மண்ணில் அலையின் வேகம் குறையும், அலைநீளம் சுருங்கும், ஆட்டம் பெருகும்.

இதை வலையின் மொழியில் சொன்னால், கடும்பாறையில் பெரிய கண் போதும், களிமண்ணில் மிகச் சின்னக் கண் வேண்டும். முழு நிலத்துக்கும் களிமண்ணின் கண்ணையே போட எந்தக் கணினியாலும் முடியாது. இடத்துக்கு இடம் கண் மாறுகிற வலை வேண்டும். அப்படி வலை பின்னும் வழி வேறொரு துறையில் தயாராக இருந்தது. விமானச் சிறகின் உறுதியைக் கணிக்க 1956 இல் டேர்னர், கிளஃப், மார்ட்டின், டொப் ஆகியோர் காட்டிய முறை அது. அதற்கு 'ஃபைனைட் எலிமென்ற்' என்ற பெயரை 1960 இல் கிளஃப் வைத்தார். துண்டுகள் ஒரே அளவாக, ஒரே வடிவமாக இருக்கத் தேவையில்லை.

1990களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 'குவேக்' என்றொரு திட்டம் நடந்தது. லொஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்தில் உள்ள சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குக்கு நான்முகித் துண்டுகளால் வலை பின்னினார்கள். ஜொனதன் ஷூச்சக் என்ற மாணவர் எழுதிய வலைபின்னும் நிரல்கள் இதில் முக்கியமானவை. அந்த வலைகளுக்கு எஸ்எஃப்10, எஸ்எஃப்5, எஸ்எஃப்2, எஸ்எஃப்1 என்று பெயர் வைத்தார்கள். 10 செக்கன் அலையைப் பிடிப்பது முதலாவது, 1 செக்கன் அலையைப் பிடிப்பது கடைசி. அப்படியே சூடைவலை, திருக்கைவலை! எஸ்எஃப்10 இல் சுமார் 7,300 புள்ளிகள், எஸ்எஃப்5 இல் 30,000, எஸ்எஃப்2 இல் 3.8 இலட்சம், எஸ்எஃப்1 இல் ஏறத்தாழ 25 இலட்சம். இடம் ஒன்றுதான். பிடிக்க நினைத்த மீன்தான் வேறு.

வலையைப் படமாகப் பார்ப்பதற்கும் இப்போதுதான் அர்த்தம் வந்தது. துண்டின் அளவு அந்த இடத்து அலை வேகத்தைப் பின்பற்றுவதால், கோடுகளை மட்டும் வரைந்தாலே பள்ளத்தாக்கின் மென்மண் கறுத்த அடர்த்தியாகத் தெரியும். பாறை வெளிச்சமாக, வெறிச்சென்று கிடக்கும். அலை ஒன்றுமே ஓடாத படம், ஆனால் எங்கே நிலம் மென்மையானது எண்டு அதுவே சொல்லிவிடும்.

பெட்டியை ஊதிப் பந்தாக்குதல்

ஒரு பள்ளத்தாக்குக்கு இவ்வளவு பாடு என்றால் முழுப் பூமிக்கு? இங்கேதான் பிரான்சின் டிமித்ரி கொமதிச் வருகிறார். 1984 இல் அந்தனி பட்டெரா திரவ ஓட்டத்துக்காக அறிமுகப்படுத்திய 'ஸ்பெக்ட்ரல் எலிமென்ற்' முறையை, பரிஸில் வில்லோத்துடன் சேர்ந்து அதிர்வலைக்குக் கொண்டுவந்தார். அவர்களின் முக்கிய கட்டுரை 1998 இல் வெளியானது. பிறகு ஜெரோன் ட்ரொம்ப்புடன் சேர்ந்து இதை முழுப் பூமிக்கும் விரித்தார். 'ஸ்பெக்ஃபெம்' என்ற திறந்தமூல மென்பொருளின் கதை இது. கொமதிச் 2019 இல் காலமானார். அவரது மென்பொருள் இன்றும் பாவனையில் இருக்கிறது.

இந்த முறையில் துண்டுகள் பெரும்பாலும் செங்கல் மாதிரி ஆறுமுகம் கொண்டவை. ஒவ்வொரு செங்கல்லுக்குள்ளும் வழக்கமாக 5×5×5, அதாவது 125 புள்ளிகள் இருக்கும். உருண்டையைச் செங்கல்லால் அடுக்குவது எப்படி? உலக வரைபடத்தில் போடுகிற அகல, நெடுங்கோடுகளைப் பின்பற்றினால் துருவங்களில் எல்லாம் ஒரு புள்ளியில் நெரிந்துவிடும். ஆகச் சின்னக் கண் பற்றிய 1928 விதியை இப்போது நினைத்துப் பாருங்கோ. துருவத்து நெரிசல் முழுக் கணிப்பையும் முடக்கிப்போடும். இதற்கு 1972 இல் சதூர்னி என்ற பிரெஞ்சு வானிலையாளர் ஒரு வழி சொல்லியிருந்தார். கனசதுரப் பெட்டி ஒன்றை எடுத்து அதைப் பந்து மாதிரி ஊதிவிடுங்கள். ஆறு முகமும் ஆறு வளைந்த துண்டுகளாகும், எங்கேயும் நெரிசல் இல்லை.

ஸ்பெக்ஃபெம்மின் உலக வலையைப் படமாகப் பார்த்தால் இந்த ஆறு துண்டுகளும் ஆறு நிறத்தில் இருக்கும். ஒரு துண்டைக் கழற்றி உள்ளே பார்த்தால் ஆழம் போகப் போகச் செங்கற்கள் சில இடங்களில் திடீரென இரட்டிப்பு அளவாவது தெரியும். ஆழத்தில் பாறையினூடாக அலை வேகமாகப் போவதால் அங்கே பெரிய கண் போதும். நடுமையத்தில் மறுபடி ஒரு நெரிசல் வராமல் இருக்க ஒரு சின்னக் கனசதுரத்தையே பொருத்தியிருப்பார்கள்.

சமரசங்களும் அதே படத்தில்தான் தெரியும். பூமியின் மேலோடு கண்டங்களின் கீழே ஏறத்தாழ 35 கிலோமீற்றர் தடிப்பு, சமுத்திரத்தின் கீழே ஏழு கிலோமீற்றர்தான். அந்த மெல்லிய படையைத் துண்டுகளின் எல்லை அப்படியே பின்பற்றினால் துண்டுகள் தட்டையாக நசுங்கும், நேர அடி குறையும், செலவு ஏறும். அதனால் சில இடங்களில் எல்லைக் கோட்டைத் துண்டுகளுக்கு நடுவால் ஓட விட்டுவிடுவார்கள். இதைக் களவு என்று சொல்ல முடியாது, தெரிந்து செய்த விட்டுக்கொடுப்பு. ஆனால் வீடியோவில் இது தெரியாது. வலையைப் பார்த்தால்தான் தெரியும்.

பார்க்க முடியாத அளவு வலை

2002 இல் யப்பானின் யோகோஹாமாவில் 'ஏர்த் சிமுலேட்டர்' இயங்கத் தொடங்கியது. அப்போது உலகத்திலேயே வேகமான கணினி அது. 2003 இல் கொமதிச், ட்ரொம்ப், யப்பானின் சுபோய் உள்ளிட்ட குழு அதன் 1,944 புரொசெசர்களில் 550 கோடிப் புள்ளிகள் கொண்ட உலக வலையை ஓட்டி, 5 செக்கன் அலைகளைப் பிடித்தது. அந்த வருடம் உயர்வேகக் கணிப்புக்கான கோர்டன் பெல் விருது அவர்களுக்குக் கிடைத்தது. அதே வருடம் லொஸ் ஏஞ்சல்ஸ் வலைக்காகக் கார்னகி மெலன் குழுவுக்கும் அந்த விருதின் ஒரு பிரிவு போனது.

550 கோடிப் புள்ளியை எப்படிப் பார்ப்பது? இன்று நாம் பாவிக்கிற சாதாரண எச்டி திரையில் இருப்பது 20 இலட்சம் புள்ளியளவு. திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் வலையின் இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட புள்ளிகள் போட்டிபோடும். எல்லாவற்றையும் ஒன்றாக வரைந்தால் திரை முழுக்கக் கறுப்புத்தான். அதனால் வலையைப் பார்ப்பதே தனிக் கலையானது. 1993 இல் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வாளர்கள் மூவர் தொடங்கிய வி.ரி.கே., 1999 இல் ஐபிஎம் கம்பனி திறந்தமூலமாக்கிய ஓப்பன்டிஎக்ஸ், 2000 இல் கிட்வெயார் கம்பனியும் லொஸ் அலமோஸ் ஆய்வகமும் தொடங்கிய பராவியூ போன்றவை அந்தக் கலையின் கருவிகள்.

அவற்றால் செய்யும் வேலைகள் எளிமையானவை. வலையைக் கத்தியால் வெட்டின மாதிரி ஒரு முகத்தை மட்டும் பார்ப்பார்கள். எந்தத் துண்டு எந்தப் புரொசெசரிடம் போகிறது என்று நிறம் தீட்டுவார்கள். நன்றாக இருக்கிற துண்டுகளை எல்லாம் மறைத்துவிட்டுக் கோணியவற்றை மட்டும் காட்டுவார்கள். சரியான கனசதுரத்துக்குக் கோணல் 0, முழுக்கச் சப்பையானதற்கு 1. ஏறத்தாழ 0.8ஐத் தாண்டினால் அந்தத் துண்டை நம்பக்கூடாது என்பது இத்துறையின் நடைமுறை. இலட்சம் நல்ல துண்டுகளுக்கு நடுவே, ஒரு மலையடிவாரத்தில் பத்துப் பன்னிரண்டு கோணல் துண்டுகள் சிவப்பாகத் தனித்துத் தெரியும். சராசரி எண்ணைக் கேட்டால் எல்லாம் நல்லம் எண்டு சொல்லும். படம்தான் காட்டிக்கொடுக்கும்.

2006 இல் கார்னகி மெலன் குழுவினர் இன்னொரு படி போனார்கள். வலை பின்னுவது, அலையைக் கணிப்பது, படம் வரைவது மூன்றையும் ஒரே ஓட்டத்தில் சுப்பர் கணினிக்குள்ளேயே முடித்தார்கள். தரவை வெளியே எடுத்துச் சேமித்துப் பிறகு பார்க்க முடியாத அளவுக்கு அது பெருத்துவிட்டிருந்தது. 2016 இல் வெளியான கணிப்பு ஒன்றில், யப்பானின் 'கே' கணினியில் தீர்க்கவேண்டிய எண்களின் தொகை 1.8 இலட்சம் கோடி.

பல்லேகலையின் 9 சென்ரிமீற்றர்

2004 டிசெம்பர் 26, அன்றைய இலங்கை நேரப்படி காலை 6.59 அளவில் சுமாத்திராவுக்கு மேற்கே கடலடி உடைந்தது. முதல் அதிர்வு ஏறத்தாழ நான்கு நிமிடத்தில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பல்லேகலைப் பதிவு நிலையத்துக்கு வந்துவிட்டது. பின்னால் வந்த மேற்பரப்பு அலையில் அங்கே நிலம் 9 சென்ரிமீற்றருக்கு மேல் மெதுவாக ஏறி இறங்கியது. கடல் நமது கிழக்குக் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் எடுத்தது. பதிவு இருந்தது. அதைக் கரைக்குக் கொண்டுபோகிற வழிதான் இந்து சமுத்திரத்தில் அப்போது இருக்கவில்லை. இந்தத் தீவில் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட உயிர்கள் போயின.

அடுத்த ஆண்டு மே மாதம் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வுகளில், அந்த உடைவின் அலை உலகம் முழுக்கப் பரவுவதை ஸ்பெக்ட்ரல் எலிமென்ற் முறையால் கணித்துக் காட்டியிருந்தார்கள். அந்த உலக வலையில் நம் தீவும் இருந்தது. மேற்பரப்பில் வலை யாருக்கும் பாகுபாடு காட்டாது. கலிபோர்னியாவுக்கும் கல்முனைக்கும் கிட்டத்தட்ட ஒரே அளவு கண்தான்.

ஆனால் கண்ணுக்குள் என்ன நிரப்பினார்கள்? அந்தக் காலத்து உலகக் கணிப்புகள் மேலோட்டுக்குப் பரவலாகப் பயன்படுத்தியது 'கிரஸ்ட் 2.0' என்ற மாதிரியை. அது உலகத்தை 2 பாகைக்கு 2 பாகை என்று பிரித்தது. நமது அகலாங்கில் அப்படி ஒரு கட்டம் ஏறத்தாழ 220 கிலோமீற்றர் நீளம், 220 கிலோமீற்றர் அகலம். பரப்பளவால் பார்த்தால் முழு இலங்கையும் அதில் ஒன்றரைக் கட்டம்கூட வராது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல், மன்னார்ப் பக்கத்துப் படிவுகள், மலைநாட்டுப் பழம்பாறை என்று நாம் ஓ.எல். பாடத்தில் படித்த வேறுபாடுகளில் பெரும்பகுதி அதற்குள் கரைந்துவிடும். அளவீடே இல்லாத இடங்களுக்கு, அதே மாதிரியான புவியியல் கொண்ட வேறு இடத்தின் எண்களைக் கடன் வாங்கினார்கள். வலையில் சில கிலோமீற்றருக்கு ஒரு புள்ளி, தரவில் 220 கிலோமீற்றருக்கு ஒரு எண். ஆயிரக்கணக்கான புள்ளிகள் ஏறத்தாழ ஒரே எண்ணைச் சுமந்துகொண்டு நிற்கும். லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் எண்ணெய்க் கிணறுகளும் நூற்றுக்கணக்கான பதிவுக் கருவிகளும் தந்த தரவு அங்கே ஒவ்வொரு கண்ணையும் வேறுபடுத்தி நிரப்புகிறது.

வலையின் கோடுகளை மட்டும் பார்த்தால் நாமும் ஏமாறலாம் என்பது இங்கேதான் விளங்குகிறது. நெருக்கமான வலையைக் கண்டவுடன் நெருக்கமான அறிவு இருக்கிறது என்று நினைத்துவிடுவோம். வலையைப் பார்க்கும்போது கோட்டோடு சேர்த்து நிறத்தையும், அதாவது ஒவ்வொரு துண்டுக்கும் கொடுத்த அலை வேகத்தையும் பார்க்க வேண்டும். 2013 இல் வந்த 'கிரஸ்ட் 1.0' கட்டத்தை 1 பாகையாக்கியது. கட்டம் சிறுத்தது உண்மை. அளவீடு இல்லாத இடத்தில் அளவீடு தானாக முளைக்காது.

2017 இல் ஜேர்மனியின் மியூனிக் ஆய்வாளர்கள் 'சைஸ்சோல்' என்ற மென்பொருளால் 2004 உடைவையே மறுபடி கணித்தார்கள். 20 கோடிக்கு மேற்பட்ட நான்முகித் துண்டுகள், ஏறத்தாழ 1,500 கிலோமீற்றர் நீளமான உடைவு. அந்த வலை உடைவுத் தளத்தின் பக்கத்தில் நெருங்கி, தூரம் போகப் போக அகலும். சின்னத் துண்டுகளை அடிக்கடியும் பெரிய துண்டுகளை இடைக்கிடையும் கணித்து, 1928 விதியின் இறுக்கத்தைத் தளர்த்தினார்கள். கடலடி எப்படி உயர்ந்தது என்று அறிய அது தேவை. சுனாமியின் தொடக்கம் அந்த உயர்வுதான்.

எதைக் கேட்பது?

பூகம்பப் படங்கள் இனிக் குறையப்போவதில்லை, கூடத்தான் போகின்றன. அபாய வரைபடம், காப்புறுதி, கட்டட விதி எல்லாவற்றுக்கும் இவை அடிப்படையாகும். ஒரு நாள் நம் ஊரைப் பற்றியும் இப்படி ஒரு படத்தைக் காட்டி யாரோ முடிவு சொல்வார்கள். அப்போது நாம் கேட்கக்கூடிய கேள்விகள் மூன்று. இந்த வலை எந்த அலை வரைக்கும் பிடிக்கும்? எங்கே கண் சின்னது, எங்கே பெரிது, ஏன்? கண்ணுக்குள் நிரப்பியது இங்கேயே அளந்ததா, வேறு எங்கேயோ இருந்து கடன் வாங்கியதா?

இதைக் கேட்கப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ரிச்சர்ட்சன் தன் பலகையையும் பிழையையும் ஒரே புத்தகத்தில் வைத்தாரே, அந்தப் பழக்கத்தை எதிர்பார்த்தால் போதும். வலையின் படத்தைத் தயங்காமல் காட்டுகிற ஆய்வாளர், தன்னை எங்கே சந்தேகிக்கலாம் என்றும் சேர்த்தே காட்டுகிறார். வீடியோவை மட்டும் தருகிறவரிடம் வலையைக் கேட்டு வாங்குவோம். நம் தீவின் கண்களில் கடன் வாங்கிய எண்களுக்குப் பதிலாக இங்கே அளந்த எண்களைப் போடும் வேலை இன்னும் கிடக்கிறது. எங்கள் கம்பஸில் விஞ்ஞான பீடம் இருப்பது மதிலுக்கு அந்தப் பக்கம்தான். அவர்களோடு சேர்ந்து இருந்து இதைப் பேசத் தொடங்கலாம்.